அப்பாவின் குரலுக்கு ஒரு நம்பர்

கம்ப்யூட்டர் வழியாகப் பேச வந்ததும் அப்பா முதன்முதலில் சொன்ன வார்த்தை "வாழாவெட்டி". என்னைத்தான். அந்தப் பேசும் சாப்ட்வேரைத் தேடிப் பிடித்து, லேப்டாப்பில் ஏற்றி, கட்டிலுக்குக் குறுக்கே பலகை போட்டு அவர் கண்ணுக்கு நேராக வைத்தவள் நான். புருஷனை விட்டுவிட்டு அம்பத்தூர் வீட்டுக்கே திரும்பி வந்தவளும் நான். அவருக்கு ஞாபகத்தில் நின்றது இரண்டாவதுதான்.

நரம்பு நோய் அவருக்கு. முதலில் நாக்கு குழறியது, பிறகு கையும் காலும் போயின, கடைசியில் பேச்சு அடியோடு நின்றது. மூளை நன்றாகவே வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார். அதை டாக்டர் வேறு வந்து சொல்ல வேண்டுமா? எங்களை முறைக்கிற பார்வையிலேயே தெரியும். வலது கட்டைவிரல் மட்டும் மிச்சம். அதற்கு அடியில் ஒரு பட்டன். ஸ்கிரீனில் தமிழ் எழுத்துகளின் மேல் ஒரு மஞ்சள் வெளிச்சம் வரிசை வரிசையாக நகரும். வேண்டிய வரிசை வந்ததும் ஒரு அழுத்து, வேண்டிய எழுத்து வந்ததும் இன்னொரு அழுத்து. வார்த்தை முடிந்ததும் கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுச் சொல்லும். இப்படி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி ஒருத்தியைத் திட்டுவதென்றால் மனதில் எவ்வளவு வைராக்கியம் வேண்டும், பாருங்கள். அன்றைக்கு முதலில் 'வா' என்று விழுந்ததும் அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "உன்னத்தான் கூப்புடறாரு, கிட்ட போ" என்றாள். போனேன். பக்கத்தில் நின்றே மிச்சத்தையும் வாங்கிக்கொண்டேன்.

இதில் கூத்து என்னவென்றால், அந்தச் சாப்ட்வேரில் தமிழுக்கு ஒரே ஒரு குரல், அதுவும் பெண் குரல். ரயில் தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஆவடி ஸ்டேஷனில் சொல்வார்களே, அந்த மாதிரி அத்தனை மரியாதை, அத்தனை தேன். அந்தக் குரலில்தான் "கஞ்சில உப்பு இல்ல சனியனே" என்று அம்மாவுக்கு வரும். "உங்க வம்சத்துக்கே கை வெளங்காது" என்று வரும். அம்மா சமையற்கட்டிலிருந்து "தோ வரேங்க" என்று ஓடி வருவாள். முன்னேயும் அப்படித்தான் ஓடி வருவாள். குரல்தான் மாறியிருந்தது.

அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் போர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். ஆயுத பூஜை என்றால் அவருக்குத் தீபாவளியைவிடப் பெரிது. கம்பெனியில் லேத் முதல் ஸ்பேனர் வரைக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கவைத்துவிட்டு, அதே வேகத்தில் வீட்டுக்கு வந்து மிக்ஸி, தையல் மெஷின், என் சைக்கிள் எல்லாவற்றையும் ஒரு கை பார்ப்பார். பொட்டு வைக்காத மெஷின் ஒரு வருஷம் உழைக்காது என்பது அவர் கட்சி. படுத்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று காலையிலிருந்தே மஞ்சள் வெளிச்சத்தைத் துரத்தித் துரத்தி அழுத்திக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தத் தேன்குரல் சொன்னது: "லேப்டாப்புக்குப் பூஜை போடு."

"தண்ணி படக்கூடாதுப்பா, அம்மா பொட்டு மட்டும் வைக்கட்டும்" என்றேன். அதற்குப் பதில் வர நேரமாயிற்று. "எனக்கே சொல்லித் தரியா" என்று வந்தது.

அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். மூடியில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரத்தைச் சுற்றினாள். சூடம் காட்டினாள். சொம்பில் இருந்த மஞ்சள் தண்ணீரை மாவிலையால் தொட்டுத் தெளித்தாள். விரல் அழுத்தியது. "இன்னும்" என்றது குரல். அம்மா மாவிலையைக் கீழே வைத்துவிட்டு, கையை முக்கி ஒரு வீசு வீசினாள். கீபோர்டெல்லாம் தண்ணீர். ஸ்கிரீன் ஒரு தரம் வெளுத்து, கோடு கோடாக ஓடி, அணைந்தது.

"ஏம்மா, வேணும்னே செஞ்சியா?" என்று அவளை அடுக்களைக்குள் இழுத்துப்போய்க் கேட்டேன்.

"அவரு சொன்னாரு, நான் செஞ்சேன். என்னிக்கு அவரு சொல்லி நான் செய்யாம இருந்துகீறேன்?" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. சுண்டல் வாளியை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போய்விட்டாள்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். ஆள் கறார், வாய் ஜாஸ்தி, வேலை சுத்தம். கழற்றிப் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனார். "உள்ளாற பூரா சந்தனம் மேடம். நல்லா மணக்க மணக்க செத்துக்கீது" என்றார். மதர்போர்டு போய்விட்டது. வேறு ஒரு பழைய போர்டு கைவசம் இருக்கிறது, நல்ல போர்டு என்றார். சரியென்று போடச் சொன்னேன். இரண்டு நாளில் லேப்டாப் உயிரோடு திரும்பி வந்தது. படமெல்லாம் ஓடியது. பேசும் சாப்ட்வேரைத் திறந்தால் மட்டும் எழுத்துப் பலகைக்குப் பதில் ஒரு சின்னப் பெட்டி வந்தது: இந்தக் கம்ப்யூட்டருக்கு உரிமம் இல்லை, கீழே இருக்கும் ஹார்ட்வேர் ஐடியை எங்களுக்கு அனுப்பவும். அதாவது உரிமம் அப்பாவுக்கு இல்லை, அவர் வாய்க்கும் இல்லை. அந்தச் செத்துப்போன போர்டுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

புது உரிமம் வரும் வரைக்கும் அட்டையில் எழுத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று டாக்டர் வழி சொன்னார். அட்டையைத் தூக்கியதும் அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எங்கள் கையால் காட்டுகிற எழுத்து அவருக்கு வேண்டாம். ஆமாம், இல்லை மட்டும் கண்ணால் சொல்வார், அதுவும் மூத்திரம் வந்தால்.

அன்று சாயங்காலம் அம்மா ஒரு காரியம் செய்தாள். தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து, அப்பா கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, அவருக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்டு முடிக்காமல் அவள் கை நனைத்ததில்லை. அப்பா பார்த்துக்கொண்டே கிடந்தார். "இன்னாயா பாக்கற?" என்றாள் அம்மா. யோவ் இல்லை, நீங்க இல்லை, சும்மா 'யா'.

அடுத்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் கச்சேரிதான். கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டே ஆரம்பிப்பாள். முதலில் சில்லறை விஷயங்கள். பொங்கலுக்கு அவள் எடுத்த பச்சைப் புடவையைத் தேவடியா கலர் என்று சொல்லித் தன் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் பிறந்ததும் பொட்டையா என்று கேட்டுவிட்டு உள்ளே வராமலே ஷிப்ட்டுக்குப் போனது. "வாயத் தொற, கஞ்சி ஊத்தறேன், துன்னுகினே கேளு" என்பாள். வாயைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். அப்பாவின் கண் சிவக்கும், மூச்சு இரையும், அவ்வளவுதான் அவரால் முடியும். பொய் எதற்கு, எனக்கு அது நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டேன். நான் அந்த ஐடியை அனுப்பாமல் இருந்துவிட்டால் இந்த வீடு இப்படியே இருக்கும் என்றுகூட நினைத்தேன். ஆனாலும் அனுப்பினேன். வாயில்லாத ஆளை அடிப்பது எனக்குச் சரிப்படவில்லை.

பதிலுக்கு அந்தச் சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நல்ல மரியாதை. "மேடம், நீங்க அனுப்பினது ஐடியே இல்ல. எல்லாமே எப் எப்னு ஒரே எழுத்தா வருது" என்றாள்.

"அதுதாம்மா ஸ்கிரீன்ல வருது. போட்டோவும் அனுப்பியிருக்கேனே."

"அந்த போர்டுக்குன்னு நம்பர் இல்லைனா அப்படித்தான் வரும் மேடம். நம்பர் இல்லாத மெஷினுக்கு லைசென்ஸ் குடுக்க முடியாது."

ரிப்பேர்க்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஸ்கிரீனில் கருப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினார். போர்டின் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், தயாரிப்பாளர் பிற்பாடு நிரப்பிக்கொள்ள வேண்டியது என்று இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. எந்த ஊரில் செய்தார்களோ, எவனோ ஒருத்தன் நிரப்ப மறந்து டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கிறான். "பேரு வெக்காமலே பெத்துப் போட்டுக்கீறானுங்க மேடம்" என்றார் அவர். அவசரமா என்று கேட்டார். உங்களுக்கு வேண்டுமானால் அவசரமில்லை, நாளைக்கு நாளைக்கு என்று சொல்லியே கொல்லுங்கள் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் எனக்கே தெரியும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அவசரம் அம்மாவுக்குத்தான் வந்தது. எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு நாள் கஞ்சி ஊட்டி முடித்தும் அம்மா எழுந்திருக்கவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு குரலே உயர்த்தாமல் பேசினாள்.

"எந்தம்பி லாரில அடிபட்டுச் செத்த சேதி உனக்குக் காலைலயே வந்துச்சு. கம்பெனி போனுக்கு வந்துச்சு. உங்கூட வேல பாத்தவன் பொண்டாட்டி ஒரு கல்யாணத்துல வெச்சு எங்கிட்ட சொன்னா. எனக்கு எதுவும் தெரியாத மாரி இவ்ளோ வருசம் நடிச்சுகினு இருந்தேன். காலைல சேதி வந்தும் நீ ஷிப்ட்ட முடிச்ச. ஊட்டுக்கு வந்த. மீன் கொழம்பு ஊத்தினேன், கேட்டு வாங்கித் துன்ன. நான் சிரிச்சுகினே ஊத்தினேன்யா. தூங்குன. மறுநா காலைல எயிந்து இட்லியும் துன்னுட்டு, சட்டையப் போட்டுகினு, அப்பறம்தான் சொன்ன. அவன் இருந்த திருமயிச எங்க கீது? பஸ் ஏறுனா போய்டலாம். அக்கா வருவா வருவான்னு பொழுது சாயற வரைக்கும் போட்டு வெச்சிருந்தாங்களாம். நான் போய் நிக்கும்போது சாம்பலு. அவன் பொண்டாட்டி என் மூஞ்சில முயிக்காதன்னு சொல்லிட்டா. இன்னிக்கு வரைக்கும் முயிக்கல. ஏன்யா சொல்லல? அது மட்டும் சொல்லிடு. ஏன்?"

மாமா செத்தது எனக்கு நினைவிருக்கிறது. ஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா திருமழிசையிலிருந்து தனியாக பஸ்ஸில் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீர்க் குடத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அந்த மீன் குழம்பை நானும்தான் சாப்பிட்டிருப்பேன். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை.

அப்பா அவளையே பார்த்தார். ஏன் என்கிற கேள்விக்குக் கண்ணைச் சிமிட்டி எப்படிப் பதில் சொல்ல முடியும்? அம்மாவுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. என் பக்கம் திரும்பினாள். "அந்த நம்பரு எப்ப வரும்?" என்று கேட்டாள்.

அதன் பிறகு என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. வேலையிலிருந்து வந்து பையைக் கீழே வைப்பதற்குள் "நம்பரு வந்துச்சா?" என்பாள். கச்சேரியை நிறுத்திவிட்டாள். கஞ்சியை ஆற்றி, பதமாக உப்புப் போட்டு, வாய் பேசாமல் ஊட்டினாள். அப்பாவின் கட்டைவிரலை எடுத்துத் தேங்காய் எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். அந்த விரல் போய்விடக் கூடாதே என்கிற பயம் அவளுக்கு. அவர் செத்துப்போவார் என்கிற பயம்கூட அவளுக்கு இந்த அளவுக்கு இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்க்காரரிடம் அம்மாவும் என்னோடு வந்தாள். போர்டுக்குள் ஒரு நம்பரை எழுதிவிட வழி இருக்கிறதாம், தேடிப் பிடித்து வைத்திருந்தார். "இன்னா நம்பர் போடலாம்? ராசி நம்பர் எதுனா கீதா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல். எதையாவது போடுங்கள் என்றேன். அம்மா என்னை ஒதுக்கிவிட்டு, "கூட்டுனா ஆறு வர்ற மாரி போடு நைனா" என்றாள். எதற்கு ஆறு என்று நான் கேட்கவில்லை. அவர் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்து, அப்படியே போட்டுக் கொடுத்தார். சாப்ட்வேரைத் திறந்தோம். இந்தத் தரம் எழுத்தும் எண்ணும் கலந்து ஒழுங்கான ஐடி வந்தது. அம்மா ஸ்கிரீனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அங்கேயே நின்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அதே பெண் கூப்பிட்டாள்.

"ஐடி சரியா இருக்கு மேடம். லைசென்ஸ மாத்திடலாம். ரெஜிஸ்டர் பண்ணவர்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும், போன குடுங்க."

"அது எங்கப்பா. அவரால பேச முடியாது."

"ஒரு வார்த்தை கன்பர்ம் பண்ணா போதும் மேடம். மெஷின் மாத்தும்போது அவர் வாயால சொல்லணும். அதுதான் ரூல்."

"ஏம்மா, நீங்க விக்கிறது என்ன? வாய் பேச முடியாதவங்களுக்கான சாப்ட்வேர்தானே?"

"புரியுது மேடம். ஆனா அவர் பேசினாத்தான் என்னால புரொசீட் பண்ண முடியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கத்தினேன். நடுரோட்டில் நின்று கத்தினேன், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் புரியுது மேடம் என்றாள். ரிப்பேர்க்காரர் வெளியே வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். தொண்டையைக் கனைத்து, வயதான ஆள் மாதிரி இழுத்து, "ஹலோ, நான்தாம்மா பேசறேன்" என்றார். பிறந்த தேதி கேட்டாள் போலிருக்கிறது. என்னைப் பார்த்தார். நான் முணுமுணுக்க, அவர் உரக்கச் சொன்னார். "ஆமாம்மா, என் மெஷினுதான். மாத்திக் குடும்மா. பேச்சில்லாம ரொம்ப கஷ்டமா கீது" என்றார். அந்தப் பெண் அவருக்கு நன்றி சொன்னாள். அந்தக் கடை வாசலிலேயே உரிமம் வந்துவிட்டது. அவர் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் லேப்டாப்பைப் பலகையில் வைத்து, பட்டனை அவர் விரலுக்கடியில் பொருத்தினேன். அம்மா முகம் கழுவி, தலை வாரி, வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். யாரோ பெரிய மனுஷர் வீட்டுக்குப் போகிற மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எழுத்துப் பலகை வந்தது. மஞ்சள் வெளிச்சம் நகர ஆரம்பித்தது.

"கேட்டது ஞாபகம் கீதுங்களா?" என்றாள் அம்மா. மரியாதை தானாகவே திரும்பி வந்துவிட்டது. "நான் சண்டைக்குக் கேக்கலீங்க. சும்மா தெரிஞ்சிக்கத்தான். எந்தம்பி செத்தத ஏன் அன்னிக்கே சொல்லல? வேல இருந்துச்சா, சொல்ல பயமா இருந்துச்சா, இன்னான்னு ஒரு வார்த்த. திட்டுனாலும் பரவால்ல."

வெளிச்சம் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய், மறுபடி மேலே வந்தது. விரல் அசையவில்லை. அம்மாவின் கண் வெளிச்சத்தோடு சேர்ந்து கீழே போய் மேலே வந்துகொண்டிருந்தது. பட்டன் கெட்டுவிட்டதோ என்று நானே எடுத்து அழுத்திப் பார்த்தேன், நன்றாக இருந்தது. திரும்ப அவர் விரலுக்கடியில் வைத்தேன். "முடியலையாப்பா? முடியலைன்னா கண்ண மூடு" என்றேன். மூடவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தபடியே கிடந்தார். அம்மா அவர் விரலைத் தொடப் போய், கையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளிச்சம் போய்ப் போய் வந்தது. வெளியே இருட்டத் தொடங்கியது. எழுந்து லைட்டைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

"வெரலு போய்டுச்சும்மா" என்றாள் அம்மா கடைசியில். "லேட் ஆயிடுச்சு." அவர் நெற்றியில் கையை வைத்து முடியை ஒதுக்கிவிட்டாள். அவர் மேல் பரிதாபமே வந்துவிட்டது அவளுக்கு. கஞ்சி வைக்க எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், பட்டன் அழுந்துகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். விரல் நன்றாக, அழுத்தமாக, வெளிச்சம் வரும் இடம் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தது. பதில்தான் வருகிறது என்று நினைத்தேன். அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் வார்த்தை முடிந்து, வீடு பூராவும் கேட்கிற மாதிரி அந்தத் தேன்குரல் சொன்னது: "டிவி போடு."

அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவர் விரலைப் பார்த்தாள். "போடாதம்மா. அவரு சாகட்டும்" என்றேன். அப்பா காதில் விழத்தான் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, ரிமோட்டைத் தேடி எடுத்து, அவர் எப்போதும் பார்க்கிற செய்தி சேனலைப் போட்டு, சத்தத்தை ஏற்றினாள்.

"சத்தம் போதுங்களா?" என்று கேட்டாள்.

விரல் உடனே அழுத்தியது. ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

"போதும்" என்றது குரல்.